ரூன் படிக்க முதல் புத்தகம்: ஆய்வு நூலா, பயிற்சி நூலா?

நிலவன்: வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகளான ரூன்களோடு, அந்த மக்களின் நார்ஸ் ஆன்மிகப் பயிற்சியையும் படிக்க ஆசை. மூன்று புத்தகம்தான் வாங்க முடியும். ரால்ஃப் பிளம் 1982இல் எழுதிய நூல் ரூன் கற்களோடு கிடைக்கிறது. அதில் தொடங்கலாமா?

கடலோடி: வேண்டாம். அதில் 25ஆவதாக வெற்றுக் கல் ஒன்று உண்டு. பழைய ரூன் வரிசை எதிலும் அது இல்லை. எழுத்து வரிசையையும் அவர் தன் விருப்பப்படி மாற்றியிருக்கிறார். முதலில் மைக்கேல் பார்ன்ஸின் 2012 கையேடு. அடுத்து புரூஸ் டிக்கின்ஸ் 1915இல் பதிப்பித்த தொகுப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் சொல்லும் பழைய ஆங்கிலம், நார்வே, ஐஸ்லாந்து ரூன் பாடல்கள் மூன்றும் மூலத்தோடு அதில் இருக்கின்றன. மூன்றாவது, பழைய நார்ஸ் புராணப் பாடல்களின் தொகுப்பான 'கவிதை எட்டா'.

யாழினி: பார்ன்ஸைப் படித்தால் கல்வெட்டு புரியும், பயிற்சிக்கு வழி கிடைக்காது. அது அவர் வேலையும் இல்லை. டயானா பாக்ஸனின் 2005 நூலைச் சேருங்கள். இரண்டிரண்டு ரூனாக எடுத்து, பழம்பாடல் என்ன சொல்கிறது, இன்றைய எழுத்தாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துக் காட்டி, பிறகு சடங்கைத் தருகிறார். எட்ரெட் தோர்சனின் 1984 கையேடும் பயிற்சிக்கு உதவும்.

கடலோடி: பாக்ஸன் சரி. தோர்சனை முதலில் படித்தால் எது பழையது, எது புதியது என்றே தெரியாமல் போகும். உடலை ரூன் வடிவில் நிறுத்தும் ஆசனங்கள் 20ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ரூன் பயிற்சியிலிருந்து வந்தவை, சாகாக்கள் எனும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளில் கிடையாது. ஆஸ்திரிய எழுத்தாளர் கீடோ ஃபான் லிஸ்டின் 18 ரூன் வரிசையும் 1908இல் அச்சானதுதான்.

யாழினி: புதியது என்பதாலேயே தள்ள வேண்டுமா? தெரிந்து செய்தால் போதும். எதிர்காலம் பார்க்கும் பழைய முறைதான் வேண்டுமென்றால், ஜெர்மானியர் செய்ததை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிவைத்திருக்கிறார்: காய் தரும் மரத்தின் கிளையைத் துண்டாக்கி, குறியிட்டு, வெள்ளைத் துணியில் கண்டபடி வீசி, வானத்தைப் பார்த்து மூன்றை எடுப்பது.

கடலோடி: அவர் வெறும் அடையாளக் குறி என்கிறார், ரூன் என்று சொல்லவில்லை. தலைகீழாக விழுந்தால் எதிர்ப்பொருள் என்பதும் அங்கே இல்லை. கேபோ, ஈசா, தகாஸ் ஆகிய ரூன்கள் எல்லாம் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். அந்த முறை அங்கேயே உடைந்துவிடுகிறது.

நிலவன்: பொருளை எப்படிச் சரிபார்ப்பது?

கடலோடி: ரூனுக்கு ஒரு பக்கம் வைத்து, மேலே பாடல் வரிகள், கீழே வேறு நிற மையில் இன்றைய விளக்கம் எழுதுங்கள். செல்வத்தைக் குறிக்கும் ஃபெஹுவையே பாருங்கள். பழைய ஆங்கிலப் பாடலில் அது எல்லோருக்கும் ஆறுதல், ஆனால் தாராளமாகப் பகிர வேண்டும். நார்வேப் பாடலிலோ உறவுக்குள் சண்டை மூட்டுவது. 'பணவரவு' என்று மட்டும் சொல்லும் நூலை அங்கேயே மூடிவிடலாம். நார்வே, ஐஸ்லாந்து வரிசைகளில் 16 எழுத்துதான். கேபோ, வுன்யோ, பெர்த்ரோ உட்பட மீதி எட்டு எழுத்துக்கு ஆங்கிலப் பாடல் மட்டுமே ஆதாரம். அதன் சுவடியும் 1731இல் எரிந்துபோனது. நம்மிடம் இருப்பது 1705 அச்சுப்பிரதி.

யாழினி: இந்தக் குறிப்பேட்டு முறையில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மாதக்கணக்கில் குறிப்பெடுத்துவிட்டுத்தான் பயிற்சி என்பதை ஏற்க மாட்டேன். ஒரு ரூனை எழுதிய அன்றே அதைச் செதுக்கிப் பார்க்கலாம். எட்டாவுக்கு லாரிங்டனின் 2014 திருத்தப் பதிப்பு நல்லது. பெல்லோஸின் 1923 மொழிபெயர்ப்பை எடுத்தால் எண் இடிக்கும்: எட்டாவின் ஹாவமால் என்ற பாடலில் கடவுள் ஓடின் மரத்தில் தொங்கும் செய்யுள் மற்ற பதிப்புகளில் 138, அவரிடம் 139.