மாருதி 800: இரண்டாம் கியர் மட்டும் உரசுகிறது

குழுவினருக்கு வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் ஓட்டிவரும் 2004 மாடல் மாருதி 800 (நான்கு கியர், கேபிள் கிளட்ச்) கடந்த மார்கழியிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது கரகரவென்று உரசுகிறது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதும், மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கும்போதும், கியர் லிவர் பாதியில் தடுத்து நின்று, உள்ளங்கையில் அதிர்வு தெரிந்த பிறகே உள்ளே விழுகிறது. மற்ற கியர்களில் தொல்லை இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் இலகுவாக விழுகின்றன. இருந்தும் லிங்கேஜில் (லிவரைக் கியர்பாக்ஸுடன் இணைக்கும் அமைப்பு) தேய்ந்திருந்த புஷ்களை மாற்றிவிட்டேன். கிளட்ச் கேபிளும் புதியது, பெடலின் ஃப்ரீ பிளேயும் (கிளட்ச் வேலைசெய்யத் தொடங்கும்வரை பெடல் இறங்கும் தூரம்) சரியாக உள்ளது. கிளட்சை மிதித்துச் சில விநாடிகள் பொறுத்தால், சிங்க்ரோ (கியர் விழும்முன் சுழல்வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லாத ரிவர்ஸ்கூடச் சத்தமின்றி விழுவதால், கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுமையாகப் பிரிக்கிறது என்றே கருதுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாம் கியருக்குப் போனால் உரசலே இருப்பதில்லை.

என் சந்தேகம் கியர் ஆயில் மீதும் உள்ளது. கார்த்திகையில் மாற்றியபோது ஊற்றியது ஜிஎல்-5 வகை (ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள்). அவற்றில் சிலவற்றின் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. சிறிது வடித்து விரலில் தேய்த்தபோது பொன்னிறத் துகள்கள் லேசாக மின்னின. மெக்கானிக்கோ கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்கிறார். உதிரிபாகம் கிடைக்கும்வரை வண்டி நின்றுவிடும்.

ஜிஎல்-4 ஆயிலுக்கு மாற்றிச் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்கலாமா, அல்லது இந்த அறிகுறிகளுக்கு இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையத்தை உடனே மாற்றுவதுதான் சரியா?