ஜப்பானில் கத்தகானா பெயர்: வங்கியில் ஒண்ணு, ஆபீஸில் ஒண்ணு. எதை மாத்தணும்?

கேள்வி – நிஷிகசாய் புதுவரவு

வணக்கம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. சொந்தப் பெயரும் அப்பா பெயரும் கிவன் நேமிலேயே இருக்கு. சைர்யூ கார்டிலும் (வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டை) அப்படியே அச்சாகி வந்திருக்கு. வெளிநாட்டுப் பெயர்களை எழுதுற ஜப்பானிய எழுத்தான கத்தகானாவில் என் பெயரை வங்கிக் கவுன்ட்டரில் ஒரு மாதிரி எழுதிட்டாங்க, ஆபீஸில் வேற மாதிரி. இப்போ கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிச்சா, பணம் எடுக்கவேண்டிய கணக்கைப் பதிவு செய்யும் பக்கத்தில் பெயர் பொருந்தலைன்னு நிக்குது. அதோட 'ஸேய்' (சர்நேம்), 'மேய்' (கிவன் நேம்) ரெண்டு கட்டத்தையும் கட்டாயம் நிரப்பணுமாம். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில் – கவாசாகி

வங்கியில் இருக்கும் எழுத்தைத் தொடாதீங்க. மத்த எல்லாத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. வங்கியில் கத்தகானாவை மாத்தணும்னா சைர்யூ கார்டு, பாஸ்புக், கேஷ் கார்டு, பதிவு செஞ்ச முத்திரை எல்லாம் எடுத்துட்டு நேரில் போகணும். ஏற்கெனவே அந்தக் கணக்கோட இணைச்ச கரன்ட் பில், போன் பில் எல்லாத்தையும் மறுபடி சரிபார்க்கணும். ஆபீஸில் மாத்த ஒரு மெயில் போதும்.

பாஸ்புக் அட்டையைத் திறந்ததும் உட்பக்கத்தில் கத்தகானா பெயர் அச்சாகி இருக்கும். பாஸ்புக் இல்லைன்னா வங்கி ஆப்பில் கணக்கு விவரப் பக்கத்தைப் பாருங்க. எழுத்து, இடைவெளி, நெடில் கோடு எதையும் விடாம பார்த்து எழுதிக்குங்க.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு தோணலாம். கார்த்திக் என்ற பெயரை 'கா, ரு, தெ, சின்ன இ, கு' என்று 5 எழுத்தில் எழுதலாம். 'கா'வுக்குப் பின்னாடி நெடில் கோடும், 'கு'வுக்கு முன்னாடி சின்ன 'ட்சு'வும் சேர்த்தால் 7 எழுத்து. படிக்கிற மனுஷருக்கு ரெண்டும் ஒரே பெயர்தான். கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற ஆள்.

வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும்போது பெயர் ஹான்காக்கு, அதாவது அரை அகல கத்தகானாவில்தான் போகும். அதில் சின்ன எழுத்து இல்லை. சின்ன 'இ' பெரிய 'இ' ஆகிடும். நெடில் கோட்டுக்குப் பதில் ஹைபன். 'ப', 'ஜ' மாதிரி ஒலிகளில் மேலே வரும் இரட்டைக் கோட்டையும் தனி எழுத்தா எண்ணுவாங்க. பாலாஜி என்பது முழு அகலத்தில் 'பா, ரா, ஜி' 3 எழுத்து. அரை அகலத்தில் 5. கம்பெனிகள் வங்கிக்கு அனுப்பும் சம்பளக் கோப்பில் பெயருக்கு 30 இடம்தான், இடைவெளியும் அதில் சேர்த்தி. அப்பா பெயரும் சேர்ந்த நீளப் பெயர் அங்கே வெட்டுப்படும். அதனால ஹெச்.ஆருக்குப் பெயரைச் சொல்லாதீங்க, பாஸ்புக் பக்கத்தைப் போட்டோ எடுத்தே அனுப்புங்க.

வெப் படிவத்தில் வரும் கோளாறு பெரும்பாலும் அகலக் கோளாறுதான். 'ஜென்காக்கு' என்று கேட்டால் முழு அகலம். விண்டோஸில் ஜப்பானிய கீபோர்டில் தட்டிட்டு, என்டர் அழுத்தும் முன்னாடி F7 அழுத்தினா முழு அகல கத்தகானா, F8 அரை அகல கத்தகானா, F9 முழு அகல ஆங்கில எழுத்து, F10 அரை அகல ஆங்கில எழுத்து. விலாச எண்ணையும் நடுவில் வரும் கோட்டையும்கூட சில படிவங்கள் முழு அகலத்தில் கேட்கும். பிரவுசர் தானாக நிரப்பும் பெயரை நம்பாதீங்க; கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிட்டு வந்தாலே போதும், பொருந்தாது.

ஸேய், மேய் விஷயம்: சைர்யூ கார்டில் முதல் இடைவெளி வரை உள்ள சொல் ஸேய், மிச்சம் மேய். ரெண்டையும் சேர்த்து வாசிச்சா கார்டில் இருக்கும் வரிசையே வரணும். ஒரே பெயரை ரெண்டு கட்டத்திலும் திருப்பிப் போடாதீங்க. அடையாளச் சரிபார்ப்பில் நிராகரிக்கப்படலாம்.

பதில் – யோகோஹாமா

மேலே சொன்னதோட வார்டு ஆபீஸ் பக்கம் ஒண்ணு. சைர்யூ கார்டில் கத்தகானாவே கிடையாது, அதனால் அதைக் காட்டி கத்தகானாவை நிரூபிக்க முடியாது. ஜூமின்ஹ்யோவில் (வார்டு ஆபீஸின் குடியிருப்புப் பதிவு) குறிப்புப் பகுதியில் கத்தகானா பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்க. கத்தகானாவில் முத்திரை செஞ்சு அதை இன்கானாக, அதாவது கையெழுத்துக்குப் பதிலான முத்திரையாக, பதிவு பண்ணணும்னா அந்தப் பதிவு அவசியம். முத்திரை 8 மி.மீ. சதுரத்தைவிடப் பெருசா, 25 மி.மீ. சதுரத்துக்குள் அடங்குறதா இருக்கணும். மை தானாக ஊறும் ரப்பர் முத்திரையை ஏத்துக்க மாட்டாங்க.

'ட்சூஷோ' என்ற வழக்குப் பெயரைப் பதிவு செய்யச் சொல்லியும் சிலர் சொல்வாங்க. அந்தப் பெயர் ஜப்பானில் உண்மையிலேயே புழக்கத்தில் இருக்குன்னு ஆதாரம் காட்டணும். 2013 நவம்பர் முதல் ஒருமுறை பதிஞ்சதைப் பொதுவாக மாத்த விடுறதில்லை. சைர்யூ கார்டிலும் அது வராது. கத்தகானாச் சிக்கலுக்காக மட்டும் அதைப் பதிய வேண்டாம் என்பது என் கருத்து.

நிஷிகசாய் புதுவரவு

ரொம்ப நன்றிங்க. பாஸ்போர்ட்டிலேயே சர்நேமைப் பிரிச்சு மாத்திட்டா நல்லதா?

பதில் – ஒசாகா

அவசரப்படாதீங்க. சர்நேமில் அப்பா பெயர் ஏறிட்டா ஆஸ்பத்திரி, வார்டு ஆபீஸ், பிள்ளையோட பள்ளி எங்கே போனாலும் அப்பா பெயரோட 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாங்க. 'மேய்' கட்டத்தில் இருக்கும் பெயரை இங்கே அறிமுகமில்லாதவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அறுபது வயசு மனுஷர் காத்திருப்பு அறையில் காலமான அப்பாவின் பெயருக்கு எழுந்து போகவேண்டியிருக்கு. கேட்க எனக்கு மனசு ஒப்பவே இல்லை. உங்க கார்டில் முதலில் வருவது சொந்தப் பெயர்தான்னா, அந்த வரிசையை விட்டுடாதீங்க.

அப்படியும் மாத்தினா, புது பாஸ்போர்ட் வந்த 14 நாளுக்குள் பிராந்தியக் குடிவரவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்தைத் தெரிவிச்சுப் புது சைர்யூ கார்டு வாங்கணும். போட்டோ உயரம் 4 செ.மீ., அகலம் 3 செ.மீ. ஜூமின்ஹ்யோவுக்கு அங்கிருந்தே தகவல் போயிடும். வங்கி, ஆபீஸ், போன் கம்பெனிக்கெல்லாம் நீங்கதான் ஒவ்வொண்ணாகச் சொல்லணும்.

குடும்பம் வந்தால் கணவன், மனைவி, பிள்ளை மூணு பேருக்கும் மூணு சர்நேம் இருக்கலாம், கவுன்ட்டரில் குழம்புவாங்க. உறவுமுறையோட அச்சிட்ட, குடும்பத்தார் எல்லாரும் இருக்கும் ஜூமின்ஹ்யோ நகல் ஒண்ணு கையில் இருக்கட்டும். உறவுமுறைக் கட்டத்தை டிக் செய்யாம வாங்கினா அது அச்சாகாது, மறுபடி பணம் கட்டி வாங்கணும்.

நென்கினையும், அதாவது ஓய்வூதியத்தையும், இப்பவே பாருங்க. வேலை மாறும்போது புது ஆபீஸ் வேற கத்தகானாவில் பதிஞ்சா ஒரே ஆளின் ஓய்வூதியப் பதிவு ரெண்டாகப் பிரிஞ்சு போகலாம். 10 இலக்க அடிப்படை ஓய்வூதிய எண்ணை ஹெச்.ஆரிடம் கொடுங்க, ரோமன் எழுத்துப் பெயர் அறிவிப்புப் படிவத்தை அனுப்பிட்டாங்களான்னும் கேளுங்க. நாட்டை விட்டுக் கிளம்பின பிறகு 2 வருஷத்துக்குள் கேட்டு வாங்கும் ஓய்வூதியத் தொகையை ஜப்பான் கணக்குக்கே அனுப்பச் சொன்னால், அந்தக் கணக்கில் பெயர் கத்தகானாவில் இருந்தே ஆகணும்.