எங்கள் அயல்கூட்டத்தில் மதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வசிக்கிறேன். எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரளத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்புக் குழு) 16 பெண்கள் இருக்கிறோம். இந்துக்கள் 9 பேர், ராவுத்தர் (தமிழ் பேசும் முஸ்லிம்) குடும்பத்தினர் 4 பேர், கத்தோலிக்கர் 3 பேர். எல்லார் வீட்டிலும் பேச்சு தமிழ்தான். வாரந்தோறும் சேமிப்புக் கட்டவும் கடன் தவணை பார்க்கவும் கூடுகிறோம். ஒருவர் வீட்டுப் பிரசவத்துக்கு மற்றவர் போய் நிற்கிறோம். இருந்தும், இத்தனை ஆண்டுகளாக ஒரே பாயில் உட்கார்ந்த எங்களுக்கு, அடுத்தவர் எதை நம்புகிறார், எதற்காக நோன்பு இருக்கிறார் என்பது தெரியாது என்று சென்ற மாதம்தான் எனக்கு உறைத்தது.

அன்று பேச்சுவாக்கில், "எல்லா மதமும் ஒன்றுதானே, பெயர்தானே வேறு" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த ராவுத்தர் வீட்டு அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தம் பாஸ் புக்கை எடுத்துக்கொண்டு சீக்கிரமே எழுந்து போய்விட்டார். அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. மாதம் ஒரு நாள், கணக்கு முடிந்த பிறகு இதற்கென்றே ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று நான்கைந்து பேர் கேட்கிறார்கள். வீட்டு ஆண்களில் சிலர் இது சண்டையில் முடியும் என்கிறார்கள். நான் சொன்னதில் என்ன பிழை? எப்படித் தொடங்குவது?

பதில் 1: சித்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, நீங்கள் தேடுகிற வழியை நம் மாநிலத்திலேயே நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் வகுத்து வைத்திருக்கிறார். 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில், சிவராத்திரியை ஒட்டி, கேரளத்தின் சமூகச் சீர்திருத்தத் துறவியான ஸ்ரீ நாராயண குரு சர்வமத சம்மேளனத்தைக் கூட்டினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் அதற்குத் தலைமை வகித்தார். அங்கே எழுதி வைக்கப்பட்ட வாசகத்தின் பொருள் இதுதான்: வாதிப்பதற்கும் வெல்வதற்கும் அல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்கும்.

அறிவது, அறிவிப்பது என்ற இரண்டும் அதில் சேர்ந்தே நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அறிவிப்பதற்கு அந்த அக்காவிடம் எதுவும் மிச்சம் இல்லை என்று ஆகிவிடுகிறது. குருவே மதங்களின் சாரம் ஒன்று என்று கருதியவர்தான். ஆனாலும் அவரவர் மதத்தை அவரவர் எடுத்துரைக்க மேடை அமைத்துக் கொடுத்து, அதைக் கேட்டார். முடிவை முன்னால் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 9 பேரை "இந்து" என்று ஒரே எண்ணில் அடக்கியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது வீட்டின் குலதெய்வங்களையும் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் கிடா வெட்டுவார்கள், அடுத்த வீட்டில் முட்டைகூட நுழையாது. உங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் அறியாதது எவ்வளவு இருக்கிறது என்பது முதல் அமர்விலேயே தெரிந்துவிடும்.

பதில் 2: புதுநகரத்திலிருந்து, ராவுத்தர் வீட்டுப் பெண்

சகோதரி, அந்த அக்கா கோபத்தில் எழுந்து போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்தச் சொல்லை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். மறுத்தால் நட்பு கெடும். தலையாட்டினால் என் ஈமானை, அதாவது என் இறைநம்பிக்கையைப் பற்றி நானே பொய் சொன்னதாகும். அந்த இக்கட்டில் எழுந்து போவதுதான் எளிதாகத் தோன்றும். அவர் வீட்டுக்குத் தனியாகச் சென்று, "நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஆறு பெண்கள் மூன்று ஆண்டுகளாக இப்படிச் சந்திக்கிறோம். நோன்பைப் பற்றித்தான் முதலில் பேசினோம். ஹிஜ்ரி ஆண்டு, அதாவது பிறையை வைத்துக் கணக்கிடும் எங்கள் ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். சில ஆண்டுகளில் அது கிறிஸ்தவர்களின் தவக்காலத்தோடு சேர்ந்து, பாலக்காட்டின் மார்ச் மாத வெயிலில் வந்து நிற்கும். தண்ணீர்கூடக் குடிக்காமல் எப்படி என்று கேட்டவரிடம், மாதவிலக்கு நாட்களில் எங்களுக்கு நோன்பு இல்லை, விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்றுவிட வேண்டும், விடுபட்ட தொழுகையை ஈடுசெய்ய வேண்டியதில்லை என்று சொன்னேன். அந்த ஒரு விவரம் ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்நாட்களில் கோயிலுக்குப் போகாமல் இருப்பதைப் பற்றி ஒருவர் தம் மனத்தில் இருந்ததையெல்லாம் பேசினார்; தேவாலயத்தில் அப்படித் தடை இல்லை என்று இன்னொருவர் சொன்னார். ஆண்கள் கூடிய எந்தச் சபையிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்காது. நாங்கள் தோழிகளானது அன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரசாதத்தைப் பற்றியும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாமிக்குப் படைத்ததை நான் வாங்குவதில்லை. அதே வீட்டு அடுப்பில் வெந்த சோற்றையும் குழம்பையும் மகிழ்ச்சியாகச் சாப்பிடுவேன். வாங்கிக்கொள்கிற முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். யாரிடமும் கேட்காமல் நாமே முடிவுசெய்துவிடுவதுதான் மனத்தை வருத்துகிறது. இதைக் கூசாமல் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. சொன்ன பிறகு, சாமிக்குப் படைப்பதற்கு முன்பே எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைக்கத் தொடங்கினார் பக்கத்து வீட்டம்மா.

பதில் 3: வேலந்தாவளம் பக்கத்திலிருந்து, கத்தோலிக்கப் பெண்

1965 அக்டோபர் 28 அன்று, கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அந்த மதங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அது கூறுகிறது. கோயில் திருவிழாவை எட்டிப் பார்த்ததையே பாவசங்கீர்த்தனத்தில் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவதில்) சொல்ல வேண்டும் என்று எண்ணிய என் பாட்டியின் காலத்தோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். திருச்சபை பின்னர் உரையாடலை நான்கு வகையாகப் பிரித்தபோது, இன்பதுன்பங்களைப் பகிர்ந்து வாழும் வாழ்வு உரையாடலை முதலில் வைத்தது. பிரசவத்துக்குப் போய் நிற்கிற நீங்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்று பெயர்; இயேசுவின் தாய் மரியாளைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அந்த வேதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். என் முஸ்லிம் தோழி இதைச் சொன்னபோது, எங்கள் மாதாவை அவர் வீட்டிலும் கண்டேன் என்று நெகிழ்ந்துபோனேன். ஆனால் இயேசுவை இறைமகன் என்று அவர்கள் ஏற்பதில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அன்று இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அந்த வேறுபாடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் மாமியார் இறந்தபோது முதலில் வந்து அடுப்பைப் பற்றவைத்தவர் அவர்தான்.

ஓர் எச்சரிக்கை: 16 பேரில் 3 பேராக இருப்பவர்களையே முதலில் பதில் சொல்ல வைக்காதீர்கள். செய்தித்தாளில் வந்ததற்கெல்லாம் விளக்கம் கேட்டால் அது விசாரணையாகிவிடும். பெரும்பான்மையாக இருப்பவர்கள் முதலில் தங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. நேற்று அந்த அக்கா வீட்டுக்குச் சென்றேன். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள், அவர் என்னை உட்காரச் சொல்லி, தம் அத்தா (அப்பா) சொல்லிக்கொடுத்த முதல் துஆவை (இறைவேண்டலை) ஓதி, அதற்குத் தமிழில் பொருளும் சொன்னார். வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, கணக்கு முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். விரதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆடி வெள்ளிக்கு நான் ஏன் உபவாசம் இருக்கிறேன் என்பதை நானே முதலில் சொல்ல வேண்டும். அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்று காலை அம்மாவுக்கு போன் செய்து விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.