பயத்தில் நீள்வது நேரமா, நினைவா?

பாதரசம்:
விபத்தில் தப்பியவர்கள் "எல்லாமே ஸ்லோ மோஷன்ல நடந்துச்சு" என்பார்கள். 2007-இல் நரம்பியல் விஞ்ஞானி டேவிட் ஈகிள்மனின் குழு இதைச் சோதித்தது. 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைக் கயிறில்லாமல் மல்லாக்க வலையில் விழவிட்டார்கள். வீழ்ச்சி சுமார் 2.5 நொடி. மணிக்கட்டில் சின்ன எல்இடி திரை. அதில் ஓர் எண்ணும், எரியும் புள்ளிகள் அணைந்து அணைந்தவை எரியும் அதன் மறுவடிவமும் மாறி மாறி வரும். மெதுவாக மாறினால் எண்ணைப் படிக்கலாம். வேகம் கூடினால் இரண்டும் கலந்து வெறும் வெளிச்சக் கட்டம்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் அந்த எல்லையை முன்பே அளந்து, திரையை அதைவிடச் சற்று வேகமாக ஓடவிட்டார்கள். நேரம் மெதுவாகியிருந்தால் விழும்போது எண் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆனால் பிறகு ஸ்டாப்வாட்சில் காட்டச் சொன்னபோது, அடுத்தவர் விழுந்ததைவிடத் தான் விழுந்தது சராசரியாக 36% அதிக நேரம் என்று காட்டினார்கள். நீண்டது நினைவு.

அகநோக்கி:
சோதனை சரி, முடிவுதான் தாவுகிறது. அந்தத் திரை அளப்பது மினுக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் திறனை மட்டும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி இடையில் வேறொன்றைச் செருகுங்கள். புதிய படம் கூடுதல் நேரம் நின்றதாகத் தோன்றும். அப்போதும் மினுக்கம் மெதுவாவதில்லை, கூடவே ஒலிக்கும் ஓசையின் சுருதி இறங்குவதில்லை. ஆக, மினுக்கம் மாறாமலே கால அளவு நீண்டதாக உணர முடியும். ஸ்டாப்வாட்சை அமுக்கியதோ விழுந்து முடித்த பிறகு. பிறகு கேட்டால் நினைவுதானே பதில் சொல்லும்?

பாதரசம்:
அந்தப் படச் சோதனை என் பக்கம்தான் பேசுகிறது. சினிமாவில் காட்சியை மெதுவாக்கினால் சைரன் சத்தம் தடிக்கும், விளக்கு மினுக்கம் தளரும், எல்லாம் சேர்ந்தே மாறும். மூளையில் அப்படிச் சேர்ந்து மாறவில்லை என்றால் மெதுவானது நேரம் இல்லை, ஒரு மதிப்பீடு மட்டும்.

கல்நாழிகை:
ஐன்ஸ்டீனின் சார்பியலை மறந்துவிட்டீர்கள். காலமே ஆளுக்கு ஆள் வேறு என்கிறபோது, அனுபவத்தை ஏன் பிழை என்று தள்ள வேண்டும்?

அகநோக்கி:
கல்நாழிகை, என் கட்சிக்கு அந்தத் துணை வேண்டாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி முந்தும்: ஈர்ப்பு குறைவால் 45 முந்தல், வேகத்தால் 7 பிந்தல். அங்கே ஒருவர் இருந்தாலும் எதையும் உணரமாட்டார். அவர் நாடியும் மூளையும் அந்தக் கடிகாரத்தோடே ஓடும். சார்பியல் மாற்றம் கடிகாரத்தில் தெரியும், அனுபவத்தில் தெரியாது. பயத்தில் அப்படியே தலைகீழ். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

பாதரசம்:
இதில் நானும் உங்களோடுதான். ஆனால் "விழும் கணத்தின் அனுபவம்" என்று நீங்கள் சொல்வதை நினைவிலிருந்து பிரித்து எப்படி அளப்பீர்கள்?

அகநோக்கி:
விழும்போதே, ஒரு நொடி ஆனதாகத் தோன்றும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லலாம். உள்ளே நேரம் நீண்டால் அமுக்கல்கள் நெருங்கும். சிக்கல், 2.5 நொடியில் இரண்டு மூன்று அமுக்கல்தான் கிடைக்கும். பதற்றத்தில் விரலே முந்திக்கொள்ளும்.

பாதரசம்:
விரல் முந்தினால் அதை உள்நேரம் நீண்டது என்று தவறாகக் கணக்கெழுதிவிடுவீர்கள். முதலில் தரையில், நேரக் கணிப்பு தேவைப்படாத ஒரு வேலையில், பதற்றம் விரலை எவ்வளவு முடுக்குகிறது என்று அளந்து கழியுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் மிஞ்சினால் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.