எக்ஸ்டி கம்ப்யூட்டர் காலத்து ஆட்கள் யாராவது இருக்கீங்களா?

நீடாமங்கலத்துக்காரர்:

எங்க ரைஸ் மில் கணக்குக்கு வந்தது, ஐபிஎம் 1983இல் கொண்டுவந்த பிசி எக்ஸ்டியின் க்ளோன், அதாவது அதே மாதிரி வேறு கம்பெனி செய்தது. இன்டெல் 8088 பிராசசர், 4.77 மெகாஹெர்ட்ஸ். மெமரி 640 கேபி, ஹார்ட் டிஸ்க் 10 எம்பி, பச்சை எழுத்து மானிட்டர். அந்த 640 கேபியைத்தான் இன்றைக்கும் எல்லாரும் கிண்டல் பண்ணுகிறார்கள். 8088க்கு எட்டுவதே மொத்தம் 1 எம்பிதான். அதிலும் மேலே உள்ள 384 கேபி திரைக்கும், மெஷினைத் தொடங்கிவைக்கிற பயாஸ் புரோகிராமுக்கும் போய்விடும். எங்களுக்கு அது உறைத்ததே இல்லை. கணக்குப் பதிவு வைக்கிற டிபேஸும், கடிதம் அடிக்கிற வேர்ட்ஸ்டாரும் தாராளமாக ஓடின. எங்களைப் பாடாய்ப் படுத்தியது கடிகாரம்.

எக்ஸ்டியில் பேட்டரி கடிகாரமே கிடையாது. கரண்ட் போய் வந்தால் அதற்கு அன்றைக்கு 1980 ஜனவரி 1. மெஷினை இயக்குகிற டாஸ் சிஸ்டத்துக்கு அதற்கு முந்தைய தேதியே தெரியாது. சம்பா அறுப்பு நேரம், வாசலில் மூட்டை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மதியம் கரண்ட் போய் வந்த அவசரத்தில் தேதி கேட்கிற இடத்தில் யாராவது என்டர் தட்டிவிட்டால், அப்புறம் போடுகிற நெல் ரசீது எல்லாம் 01/01/80. தேதிவாரியாகப் பட்டியல் எடுத்தால் அவை முதல் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு வியாபாரி ரசீதைப் பார்த்துவிட்டு, "எண்பதுல நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன் தம்பி, நெல்லு எங்க போட்டேன்?" என்றார்.

கரண்ட் கட்டில் இன்னொரு வேதனையும் உண்டு. டிபேஸ் ஃபைலை மூடும்போதுதான் அதன் தலைப்பகுதியில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையைத் திருத்தும். நடுவில் மின்சாரம் போனால், காலையிலிருந்து அடித்தது டிஸ்கில் இருந்தாலும் கணக்கில் வராது. பம்புசெட் ஓடுகிற நேரம் வோல்டேஜ் இறங்கி ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கினால், உடனே ஃபைலை மூடித் திறப்போம்.

மாயவரத்திலிருந்து:

அண்ணே, மெஷின் தொடங்கியதும் தானாக ஓடுகிற கமாண்டுகளை எழுதிவைக்கும் ஆட்டோஎக்ஸெக் ஃபைல் இருந்தால் டாஸ் தேதியே கேட்காது. எங்க உரக்கடையில் அதனால்தான் குழப்பம். அந்த ஃபைலில் முதல் வரியாக டேட் கமாண்டைச் சேர்த்தோம், சரியாகிவிட்டது. என்டர் தட்டுகிறவரை எந்தக் கமாண்டும் திருத்தாது, அது வேறு விஷயம்!

கும்பகோணத்திலிருந்து:

பேக்கப்பை யாரும் சொல்லவில்லையே? 360 கேபி ஃப்ளாப்பியில் 10 எம்பி எடுக்கக் கிட்டத்தட்ட 30 வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விடும். இத்தனைக்கும் ஐப்பசி அடைமழையில் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்குமே, அதன் வழியாகப் பழுப்புத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தெரியாமல் டிரைவில் போட்டால் அந்தப் பூஞ்சை டிரைவில் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல ஃப்ளாப்பியையும் கெடுக்கும். பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு அதில்தான் ஃப்ளாப்பிகளை வைத்திருந்தோம்.

நீடாமங்கலத்துக்காரர்:

பல்பு யோசனை எங்களுக்குத் தோன்றவில்லை, சார். பிறகு நாங்கள் எக்ஸ்டிக்கு அடுத்து வந்த 286 ஏடி கம்ப்யூட்டருக்கு மாறினோம். 1984இல் ஐபிஎம் ஏடியோடு பேட்டரி கடிகாரம் வந்துவிட்டதால் தேதித் தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்தப் பேட்டரி தீர்ந்தால் தேதியோடு ஹார்ட் டிஸ்க் என்ன டைப் என்பதும் மறந்துபோகும். செட்டப்பில் நாமே கொடுக்கணும். அதனால் டைப் நம்பரைக் கேபினட் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருந்தோம்.