ஆஃப்ரோஃபியூச்சரிசம் (கறுப்பின மக்களின் எதிர்காலத்தை விண்வெளி, அறிவியல் புனைவு வழியே கற்பனை செய்யும் கலைமரபு): இன்னும் மனத்தை விட்டகலாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

வெள்ளிமீன்
ஜாஸ் இசைஞர் சன் ராவின் ‘ஸ்பேஸ் இஸ் த பிளேஸ்’ (1974) படத்தின் திரையிடலுக்கு அரைமனத்துடன்தான் போனேன். கறுப்பின மக்களை இசையின் வலுவால் வேறொரு கோளில் குடியேற்றும் கதை, உங்களுக்குத் தெரியாததல்ல. உலகம் எப்போதோ முடிந்துவிட்டது, உங்களுக்கு இன்னுமா தெரியவில்லை என்று அவர் குழுவின் பாடகி ஜூன் டைசன் பாடுகிறார். அந்தக் குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை; ரயில் நிலைய அறிவிப்பின் உறுதி மட்டுமே இருந்தது. அதே படத்தில் வரும் மற்றப் பெண்களில் பலர் ஆண்களின் கேளிக்கைக்காகவே வந்து போகிறார்கள். அத்தகைய காட்சிகள் சிலவற்றைச் சன் ராவே வெட்டச் சொன்னார் என்பதும் உண்மைதான். ஆயினும், நிறவெறியைப் பூமியிலேயே விட்டுவிட்டுப் புறப்படத் தெரிந்த ஒரு கற்பனைக்குப் பெண்களை இப்படிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஏன் இறக்கிவைக்கத் தெரியவில்லை என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஸ்கார்பரோ வாசி
நான் பார்த்தது சிற்பி வாங்கேச்சி முட்டுவின் வெண்கலப் பெண்களை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் முகப்பில் 1902 முதல் வெறுமையாகக் கிடந்த நான்கு மாடங்களில், 2019-இல் அவர் நால்வரை அமர்த்தினார். உடம்பு முழுவதும் சுருள் சுருளாகச் சுற்றிய உடை. ஒருத்தியின் வாயை மூடியபடி ஒரு வட்டத்தகடு, இன்னொருத்திக்கு அது கண்ணில். நான் படியேறும்போது வெயில் ஒரு தகட்டில் பட்டு என் கண்ணைக் கூசச் செய்தது. யாரோ என்னை அதட்டி நிறுத்தியதைப் போல நின்றுவிட்டேன். உத்தரத்தையும் அரியணையையும் தாங்கியே பழகிய சிற்பப் பெண்களுக்கு நடுவில், நைரோபியில் பிறந்த ஒருவர் செய்த இவர்கள் எதையும் சுமக்காமல், வேற்றுலகத்திலிருந்து வந்திறங்கிய அரசிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய இசைத்தட்டு
வெள்ளிமீன் அவர்களே, ஒரு படத்தை வைத்து ஒட்டுமொத்த மரபையும் எடைபோடுவதை நான் ஏற்கமாட்டேன். பார்லிமென்ட் என்ற ஃபங்க் இசைக்குழுவின் விண்கலம் மேடையில் இறங்கியது 1976-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ‘லபெல்’ என்ற பெண்கள் இசைக்குழுவின் பாட்டி லபெல், நோனா ஹென்ட்ரிக்ஸ், சாரா டேஷ் ஆகிய மூவரும் லேரி லகாஸ்பி வடிவமைத்த விண்வெளி உடையில் மெட்ரோபாலிட்டன் ஆபரா ஹவுஸில் பாடிவிட்டார்கள். வருகிறவர்களும் வெள்ளி நிறத்தில் ஏதேனும் அணிந்துவர வேண்டும் என்று அன்று கேட்டுக்கொள்ளப்பட்டது. லகாஸ்பி பார்லிமென்டுக்கு உடை தைத்துக் கொடுத்ததெல்லாம் பிறகுதான். என் அனுபவம் சிறியது: அக்காலக் காணொளி ஒன்றில் ஹென்ட்ரிக்ஸின் பார்வையைக் கண்டு, பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்கப் பாடகர் ஜனெல் மொனேயை 2018-இன் ‘டர்ட்டி கம்ப்யூட்டர்’ தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். 2007-இன் ‘மெட்ரோபோலிஸ்’, 2010-இன் ‘த ஆர்ச்ஆண்ட்ராய்டு’, 2013-இன் ‘தி எலெக்ட்ரிக் லேடி’ என்ற வரிசையில் கேளுங்கள். மனிதனைக் காதலித்த குற்றத்துக்காகப் பிரித்துப் போடப்படவிருக்கும், 57821 என்ற எண் கொண்ட சிண்டி மேவெதர் என்ற இயந்திரப் பெண்ணை முதலில் அறிந்துகொண்டால்தான், பின்னால் ‘டர்ட்டி கம்ப்யூட்டரில்’ அதே எண்ணோடு வரும் ஜேன் யார் என்பது விளங்கும். மொனே நெடுங்காலம் அணிந்த கறுப்பு வெள்ளைக் கோட்டு சூட்டை அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். துப்புரவுப் பணி செய்த தாய்க்கும், குப்பை வண்டி ஓட்டிய தந்தைக்கும் மரியாதையாகப் பூண்ட சீருடை அது. பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அலைபேசி ஒலிபெருக்கியில் கேட்கவே வேண்டாம்.

கொங்குத்தேன்
ஜாஸ் இசைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனை யாரும் சொல்லவில்லையே. 1971-இல் வந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வின் தலைப்பில் இருப்பவர் எங்கள் கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி. இசைத்தட்டு சுழலத் தொடங்கியதும் எழுந்த தம்பூரா ஒலியைக் கேட்டு, அடுத்து ஒரு ஆலாபனை வரும் என்று காது தானாகக் காத்திருந்தது, வந்ததோ ஹார்ப் என்ற மேற்கத்திய நரம்பிசைக் கருவி. அந்தக் கருவியை வரவழைக்கச் சொன்ன கணவர், சாக்ஸஃபோன் இசைஞர் ஜான் கோல்ட்ரேன், அது வீடு வந்துசேரும் முன்பே, 1967-இல் காலமாகிவிட்டார். அதன் பிறகு ஆலிஸ் செய்த இசையை எல்லாம் ‘கோல்ட்ரேனின் மனைவி’ என்ற பெயருக்குள் அடைத்துப் பேசிய விமர்சகர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெள்ளிமீன்
பழைய இசைத்தட்டு ஐயா, லபெல் முன்னோடிகள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் பேசியது அந்தப் படத்தைப் பற்றி. அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்கும் வரிசையை இங்கே யாரும் கேட்கவும் இல்லை.