தொப்பைக் கொழுப்புக்குள் கூடும் எதிர்ப்பு செல்கள்: சர்க்கரைக்குக் காரணமா, விளைவா?

மருதநிழல்:
அப்பாவுக்கு 58 வயது. கை கால் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும். போன மாதம் சர்க்கரை என்று தெரிந்தது. "தொப்பைக் கொழுப்புக்குள்ள எதிர்ப்பு செல்கள் கூட்டமா சேர்ந்து அழற்சி, அதாவது உள்வீக்கம் ஆகுது, அதனாலதான் இன்சுலின் சரியா வேலை செய்யல" என்றார் மருத்துவர். இதைக் கேட்ட உறவினர் ஒருவர், அழற்சியை அடக்கினால் சர்க்கரையே போய்விடும் என்று மஞ்சள் கிழங்குச் சத்து மாத்திரை டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா என்று யோசிக்கிறார். கிருமியே இல்லாத கொழுப்புக்குள் எதிர்ப்பு செல்களுக்கு என்ன வேலை? அவற்றை அடக்கினால் சர்க்கரை குறையுமா?

கடுகுவிதை:
தம்பி, முதலில் ஒன்று. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அப்பா நிறுத்தவே கூடாது. மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் எலிக் கொழுப்போடுதான் இருந்தேன். வயிற்றுக் கொழுப்பைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்ற நொதியில் போட்டு, 37 டிகிரி சூட்டில் குலுக்குவோம். கூழான பிறகு வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு செல்கள் உருக்கிய நெய் போல மேலே மிதக்கும். குழாயின் அடியில் ஒரு சிறு பொட்டு படியும். எதிர்ப்பு செல்கள் அதில்தான் இருக்கின்றன. முதல்முறை எண்ணிப் பார்த்தபோது, கொழுப்பு என்றால் வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற நினைப்பு போய்விட்டது.

2003இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதையே சொன்னார்கள். ஒல்லியான உடம்பின் கொழுப்பில் உள்ள செல்களில் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. பருத்த மனிதர்களில் 40 சதவீதத்தை நெருங்கியது, லெப்டின் ஹார்மோன் இல்லாமல் மிகவும் பருத்த எலிகளில் 50 சதவீதத்தைத் தாண்டியது.

எண்ணிக்கை மட்டுமல்ல, குணமும் மாறுகிறது. ஒல்லியான எலியின் கொழுப்பில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள், ஈசினோஃபில்கள் என்ற எதிர்ப்பு செல் வகைகள் இருந்து மற்றவற்றை அமைதியாக வைத்திருக்கின்றன. எடை ஏறும்போது அந்த டி செல்கள் குறைந்து, தாக்கும் வகை டி செல்கள் உள்ளே வருகின்றன. 2009இல் இது தெளிவானது. அதற்கு முன்பே, 1993இல், ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள் பருத்த விலங்குகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் வருவதைக் காட்டினார்கள். அதை முடக்கியதும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ஆகவே காரணம் என்றே சொல்வேன்.

வடக்குவாசல்:
கடுகுவிதை அவர்கள் சொன்ன எலிக் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் முன்னால் வந்து உட்காருவது மனிதர்கள். அவர்களிடம் அதே டிஎன்எஃபைத் தடுத்துப் பார்த்தார்கள், 1996இல். இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் மாற்றம் இல்லை. 2017இல் வந்த கான்டோஸ் ஆய்வு இன்னும் பெரியது: ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர், இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி. இதயப் பாதிப்புகள் குறைந்தன. ரத்தத்தில் அழற்சியின் அளவும் இறங்கியது. ஆனால் புதிதாகச் சர்க்கரை வருவது குறையவில்லை. அழற்சிதான் ஆணிவேர் என்றால் அதுவும் குறைந்திருக்க வேண்டும்.

அந்த செல்கள் ஏன் வருகின்றன என்று பாருங்கள். கொழுப்பு செல் ஒரு அளவுக்கு மேல் ஊதினால் செத்துவிடும். 2005இல் சின்டி என்ற ஆய்வாளரின் குழு நுண்ணோக்கியில் பார்த்தது: பருத்த உடம்பின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்த கொழுப்பு செல்லைச் சுற்றியே நிற்கின்றன, கிரீடம் வைத்தது போல. அவை வந்தது சிந்திய எண்ணெயை அள்ள. அள்ள வந்தவரையே கொட்டியவர் என்கிறோம். 2014இல் எலியின் கொழுப்பு செல்களில் அழற்சியைத் தடுத்தபோது கொழுப்பு ஒழுங்காக விரிய முடியாமல் கல்லீரலில் போய்ச் சேர்ந்தது, சர்க்கரை நிலை மோசமானது. கொஞ்சம் அழற்சி அந்தத் திசுவுக்கே தேவைப்படுகிறது.

கடுகுவிதை:
கான்டோஸ் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அது எங்களையும் யோசிக்க வைத்தது. ஆனால் ஒரு வாசலை மூடிவிட்டு வீட்டுக்குள் யாருமே வரவில்லை என்று சொல்ல முடியாது. சால்சலேட் என்ற பழைய மருந்து பல அழற்சி வழிகளை ஒன்றாக மட்டுப்படுத்தும். 2013இல் வந்த ஆய்வில் 48 வாரத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 0.37 சதவீதப் புள்ளி குறைந்தது. சிறியதுதான். சுழியம் இல்லை.

அள்ள வந்தவர் அள்ளிவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை சார். போகாமல் அங்கேயே தங்குகிறார். எண்ணெயை விழுங்கி விழுங்கி அவர் வேலையே கெட்டுப்போகிறது. 2018இல், பருத்தவர்களின் இயற்கைக் கொல்லி செல்கள் என்ற இன்னொரு எதிர்ப்பு செல் வகைக்குள் கொழுப்பு நிறைந்து, புற்றுசெல்லைக் கண்டாலும் கொல்லும் திறன் குறைந்துபோவதைக் காட்டினார்கள். சர்க்கரையை விட்டுவிட்டாலும் இந்த விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. 2009 பன்றிக் காய்ச்சலில் பருத்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கொரோனாவிலும் அதைத்தான் பார்த்தோம்.

தென்னங்கீற்று:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் எடை 84 கிலோ. காது வலி என்று ஒரு இடத்துக்குப் போனேன். காதுக்குள் பார்க்காமலே "முதல்ல எடையைக் குறைங்கம்மா" என்று அனுப்பினார்கள். நாலு நாள் கழித்துச் சீழ் வடிந்தது. இந்த மாதிரித் திரிகளைப் படித்துவிட்டுத்தான் குண்டாக இருந்தால் உள்ளே எல்லாம் அழுகிக் கிடக்கிறது என்று எங்களைப் பார்க்கிறார்கள். எல்லாப் பருமனும் ஒன்றா? எனக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை.

வடக்குவாசல்:
அம்மா, உங்கள் காதைப் பார்க்காமல் அனுப்பியது தவறு. அதற்கு எந்த ஆராய்ச்சியும் சாக்கு ஆகாது.

எல்லாப் பருமனும் ஒன்றல்ல. தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. குடலைச் சுற்றி உள்ளே சேருவதுதான் சிக்கல். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கான எடைக் கணக்கு, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷின் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதனால்தான் நம்மவர்களுக்கு இடுப்பளவை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறோம். மருதநிழலின் அப்பா இந்த ரகம். உறவினர் கண்ணுக்கு ஒல்லி.

மருதநிழல்:
அப்போ எடை குறைந்தால் அந்த செல்கள் போய்விடுமா?

கடுகுவிதை:
குறையும். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கொழுப்பில் மூன்றே மாதத்தில் மேக்ரோஃபேஜ்கள் குறைந்ததை 2005இல் காட்டியிருக்கிறார்கள். எலிகளில் இன்னொன்றும் தெரிந்தது: தீனியைக் குறைத்த முதல் சில நாட்களில் அவை கூடி, பிறகுதான் இறங்கின. கொழுப்பு கரையும்போது வெளியே வருவதை அள்ளுவதற்கு. 2024இல் சூரிச் குழு, எடை குறைந்த பிறகும் கொழுப்பு செல்களில் பழைய பருமனின் அடையாளம் தங்கியிருப்பதாகக் கண்டது. இறங்கிய எடை சட்டென்று திரும்ப ஏறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தென்னங்கீற்று, ஏறிய எடைக்காக உங்களை யாராவது சோம்பேறி என்றால் நம்பாதீர்கள்.

வடக்குவாசல்:
இது மட்டும் நாம் இருவரும் ஒத்துப்போகும் இடம். ஆனால் "அழற்சிதான் காரணம்" என்ற வரியை நீங்கள் எழுதியதும் ஒருவர் மஞ்சள் மாத்திரை விற்கக் கிளம்பிவிடுகிறார் பாருங்கள், அதனால்தான் இவ்வளவு வாதாடுகிறேன். குழம்பில் போடும் மஞ்சள் வேறு. மிளகுச் சத்து சேர்த்துச் செறிவாக்கிய மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் பாதித்தது பதிவாகியிருக்கிறது. அந்த டப்பாவில் மிளகுச் சத்து என்று போட்டிருக்கிறதா?

மருதநிழல்:
போட்டிருக்கிறது சார். அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவின் தையல் டேப்பால் அப்பாவின் இடுப்பை அளந்தேன். முதலில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு 95 காட்டினார். மூச்சை விடச் சொல்லி மறுபடி அளந்தால் 99. சர்க்கரை மாத்திரையைத் தொடர்கிறார். மூன்று மாதம் கழித்து இதே டேப்பால் அளந்து இங்கே எழுதுகிறேன்.